கைராசியின் இரட்டைக் கன்று

என் சித்தியை மாட்டுப்பண்ணையில் எல்லோரும் கைராசி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக அங்கே மாடுகளுக்குப் பிரசவம் பார்ப்பவள் அவள்தான். மாட்டுக்குள் கையை விட்ட பிறகு முதலாளியே பேசினாலும் வெளுத்து வாங்கிவிடுவாள்.

அன்று நானும் பக்கத்தில் இருந்தேன்; ஒரு மாட்டின் உள்ளே இரண்டு தலைகள் அவள் கையில் தட்டுப்பட்டன.

"ரெட்டைக் கன்னுதான், சந்தேகமே இல்ல!" என்றாள்.

இரட்டை என்றால் ஒன்றைப் பின்னால் தள்ளிவிட்டு, மற்றதை முதலில் இழுக்க வேண்டும். ஒரு தலையைத் தள்ளினாள். இன்னொன்றும் கூடவே போனது. மறுபடி தள்ளினாள், அதேதான். கழுத்தைத் தடவிக்கொண்டே போன கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னாச்சும்மா?" என்றார் முதலாளி.

சித்தி அவரைத் திட்டவில்லை. "டாக்டரைக் கூப்பிடுங்க," என்றாள்.

மாட்டு டாக்டர் வந்து வயிற்றைக் கீறி எடுத்தார். ஓர் உடம்பு, இரண்டு தலைகள். உயிரோடு இருந்தது! எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பிறந்த கன்றின் வாயில் விரலை வைத்துப் பார்ப்பது சித்தியின் வழக்கம். சப்பினால் பிழைத்துக்கொள்ளும் என்பாள். ஒரு வாயில் விரலை வைத்தாள். அது சப்பியது.

பக்கத்து வாய் வெறும் காற்றைச் சப்பியது.

"அடப் பாவமே," என்று சித்தி மற்ற கையையும் நீட்டினாள்.