ஜன்னல் கம்பியில் தொங்கிய டாங்கிள்

என் வீட்டுக்காரிக்கு எங்க குடியிருப்புல டாக்டரம்மான்னு பேரு. ஊசி போடத் தெரியாது, ரத்தத்தைப் பார்த்தா மயக்கமே வந்துடும். ஆனா பதினாலு வருஷமா காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, டாக்டருங்க பேசிப் பதிவு பண்ணினதைக் கேட்டுக் கேட்டு ரிப்போர்ட்டா டைப் பண்றதுதான் அவ வேலை. கீழ்வீட்டு டெய்லருக்கு முழங்கால் வலின்னா மொதல்ல இவகிட்டதான் கவரை நீட்டுவார். "நான் டைப் அடிக்கிறவங்க, என்னைப் போய்க் கேட்டா?"ன்னு சொல்லிக்கிட்டே வாங்கிப் படிச்சு, இருக்கிறதை இருக்கிறபடி சொல்லிடுவா. பூசி மெழுகத் தெரியாது. அந்த வாய் அவளுக்குப் பேரும் வாங்கிக் கொடுத்துச்சு, பகையும் வாங்கிக் கொடுத்துச்சு.

பகைன்னா ஒரே ஒருத்தி. கூடப் பொறந்த தங்கச்சி. 'சின்னவ'ன்னு சொல்வோம். அவங்க அம்மா படுத்த படுக்கையாக் கிடந்த பதினோரு மாசமும் அள்ளிப் போட்டது, குளிப்பாட்டினது எல்லாம் என் பொண்டாட்டிதான். சின்னவ இதோ வர்றேன் அதோ வர்றேன்னு போன்லயே காலத்தை ஓட்டிட்டா. எல்லாம் முடிஞ்சு மூணாம் நாள் பையும் கையுமா வந்து நின்னா. "பெத்தவ மூஞ்சியைக் கடைசியாப் பார்க்க வராதவ இனிமே என் வாசப்படியை மிதிக்காதே"ன்னு இவ கதவைச் சாத்திட்டா. நான் குறுக்கே பேசலை. பேசியிருக்கணும். அதோட எட்டு வருஷம் ஓடிப்போச்சு. சொந்தக்காரங்க யாராவது சின்னவ பேரை எடுத்தா இவ போனை வெச்சிடுவா. அப்புறம் யாருமே எடுக்கிறதில்லை.

போன வருஷம் இவ ஆபீஸைக் காலி பண்ணிட்டு, ஆளுக்கொரு லேப்டாப்பைக் கையில கொடுத்து, வீட்டுலேர்ந்தே வேலை பாருங்கன்னு அனுப்பிட்டாங்க. நாங்க இருக்கிறது ஆறாவது மாடி. நெட் லைன் இழுக்கிறவன் வந்து அண்ணாந்து பார்த்துட்டுப் போனான், போனவன் போனவன்தான். இவளுக்கோ அடுத்த வாரமே வேலையை ஆரம்பிக்கணும். சரி, சிம் போட்டு லேப்டாப்புல செருகுற டாங்கிள் ஒண்ணு வாங்கிடலாம்னு கிளம்பினேன். நான் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக்குக் கயிறு மாட்டுறவனுக்குக் கட்டைவிரல் நீளத்துல ஒரு சாமான் எம்மாத்திரம்னு ஒரு திமிரு.

கடைக்காரர், புது சிம் வேலை செய்ய ரெண்டு நாள் ஆகும்னார். எனக்கு ஒண்ணு வேணும்னா அப்பவே வேணும். ஆபீஸ்ல புது போனும் புது நம்பரும் கொடுத்ததுலேர்ந்து இவளோட பழைய போன் அலமாரியில சும்மாதானே கிடக்கு, அந்த சிம்மையே போட்டா ஆச்சுன்னு வீட்டுக்கு வந்துட்டேன். சும்மாவும் இல்லை. அந்தப் பழைய போனுக்கு இவ தினமும் சார்ஜ் போட்டு வைப்பா.

"அந்த நம்பர் வேண்டாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச நம்பர். டாங்கிள்ல போட்டா கூப்பிட்டாக் கிடைக்காது"ன்னா.

"எல்லாருக்கும்னா யாருக்கு? வருஷக்கணக்கா ஒரு ஈ காக்கா கூப்பிடலை."

அவ அந்தப் பழைய போனை எடுத்துப் பார்த்தா. "மெசேஜாவது வருமா?"ன்னா.

"வரும், வரும். லேப்டாப்புலயே காட்டும்." அவளே சிம்மைக் கழட்டி என் கையில கொடுத்தா.

செருகினதும் அதுவாவே ஒரு புரோகிராம் வந்து உட்கார்ந்துச்சு. புரோஃபைல் போடுங்குது, சிம் கம்பெனி கொடுத்த பேரை அடிங்குது. அடிச்சேன். சிவப்பு லைட்டு. மறுபடி அடிச்சேன், மறுபடி சிவப்பு. ரெண்டு மணி நேரம் அந்த டாங்கிளோட பரம்பரையையே இழுத்துத் திட்டினேன். கடைசியில பார்த்தா, பேருக்கு முன்னாடி நானே ஒரு இடைவெளி விட்டிருக்கேன். அதைக் கண்டுபிடிச்சதும் இவதான். "லிஃப்டைக் கூட இப்படித்தான் ஓட்டுறீங்களா?"ன்னு சிரிச்சா பாருங்க, அப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு. அறைக்குள்ள சிக்னல் ஒரு கோடுதான் நின்னுச்சு. நீள வயர் ஒண்ணு போட்டு, டாங்கிளை ஜன்னல் கம்பியில டேப் சுத்தித் தொங்க விட்டேன். நீல லைட்டு எரிஞ்சுது. மறுநாள்லேர்ந்து வேலை ஆரம்பம்.

தொல்லை அந்தச் சத்தத்துல வந்துச்சு. எந்த மெசேஜ் வந்தாலும் ஹெட்போன்ல 'டிங்'னு அடிக்கும். வர்றதெல்லாம் விளம்பரம். அந்த ஒரு நொடியில டாக்டர் சொல்ற மாத்திரை அளவு காதுல விழாமப் போயிடும். ஒரு தடவை தப்பா அடிச்சு மேலதிகாரிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டா. அப்பவும் சத்தத்தை நிறுத்த விடலை. "இருக்கட்டும், யாராவது அனுப்பினாத் தெரியணுமில்ல"ம்பா. டிங்னு அடிச்சதும் எல்லாத்தையும் விட்டுட்டு எட்டிப் பார்ப்பா. விளம்பரம்னு தெரிஞ்சதும் முகம் தொங்கிப் போயிடும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. யாரை எதிர்பார்க்கிறான்னு எனக்குத் தெரியாதா? கதவைச் சாத்தினவளே இப்படி எட்டி எட்டிப் பார்த்தா எனக்கு எரிச்சல் வருமா வராதா? பாவமாவும் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ஒருநாள் அவ குளிக்கப் போனப்ப, புரோகிராமைத் திறந்து சத்தம், அறிவிப்பு எல்லாத்தையும் அணைச்சுட்டேன். "விளம்பரம் மட்டும் வராத மாதிரி பண்ணிட்டேன். மனுஷங்க அனுப்பினா அடிக்கும்"னு வாய் கூசாமச் சொன்னேன். அவ நம்பிட்டா. மெஷின் விஷயத்துல என்னைத்தான் நம்புவா.

நாலு மாசம் நிம்மதியா ஓடிச்சு. போன மாசம் ஒரு காலையில நெட் வரலை. அப்டேட்டோ என்ன எழவோ, போட்டு வெச்ச புரோஃபைல் அழிஞ்சு போயிருந்துச்சு. மறுபடி அடிக்கலாம்னு புரோகிராமைத் திறந்தேன். இவ பக்கத்துலயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தா. ஓரத்துல, படிக்காத மெசேஜ் இருநூத்திப் பதினாலுன்னு நின்னுச்சு. நான் மூடப் போனேன். அவ என் கையைத் தள்ளிட்டா.

இருநூத்தி ஒன்பது விளம்பரம். அஞ்சு சின்னவ அனுப்பினது.

மொதல் மெசேஜ், "அக்கா நான்தான். நல்லா இருக்கியா?" அடுத்தது பெருசு. "வயித்து வலின்னு போனேன். ஸ்கேன் எடுத்தாங்க. ரிப்போர்ட்ல மெட்டாஸ்டாசிஸ்னு எழுதியிருக்கு. இவரைக் கேட்டா ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டு வெளியே போயிடறாரு. நீ தினம் இதைத்தானே டைப் பண்றே. நீ பொய் சொல்ல மாட்டே. அப்படின்னா என்ன அக்கா?"

எனக்கு அந்த வார்த்தை புரியலை. இவளைத் திரும்பிப் பார்த்தேன். முகத்துல உயிரே இல்லை. "பரவிடுச்சு"ன்னா. "ஒரு இடத்துல வந்த கட்டி உடம்பெல்லாம் பரவிடுச்சுன்னு அர்த்தம்." டெய்லருக்குச் சொல்ற அதே குரல்லதான் சொன்னா.

மூணாவது, "உனக்கு வந்து சேர்ந்துடுச்சுன்னு என் போன்ல காட்டுது. படிச்சிருப்பே. திட்டியாவது ஒரு வரி போடு." நாலாவதுல ஆஸ்பத்திரி விலாசம், மூணாவது மாடி, வாசலுக்கு நேர் கட்டில். "வரலேன்னாலும் பரவாயில்லை, தெரிஞ்சு வெச்சுக்கோ"ன்னு முடிச்சிருந்தா. அஞ்சாவதுல 'அக்கா'ன்னு மட்டும் இருந்துச்சு. அது வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்துச்சு.

இவ தன் போன்ல அந்த நம்பரை அடிச்சா. ரெண்டு தடவை தப்பா அடிச்சா, பதினாலு வருஷமா டைப் அடிக்கிற கை. எடுத்தது சகலை, சின்னவளோட வீட்டுக்காரர். நான்தான் அமுக்கி ஸ்பீக்கர்ல போட்டேன்.

"நான் அக்கா பேசறேன். அவகிட்ட கொடுங்க."

"ஒன்பது நாளாச்சுங்க"ன்னார்.

"எனக்கு ஏன் சொல்லலை? ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"அஞ்சு மெசேஜ் போட்டாளே. கூப்பிட்டுப் பார்த்தோம், கிடைக்கலை. மெசேஜ் மட்டும் போய்ச் சேருது. அக்கா படிச்சிட்டா, கோவம் தீரட்டும், வருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தா. கடைசி ரெண்டு நாள் கதவு திறக்கிறப்பெல்லாம் தலையைத் திருப்பிப் பார்ப்பா. அதுக்கு மேல உங்களுக்குச் சொல்ல எனக்கு மனசு வரலைங்க."

"நான் படிக்கலை தம்பி. சத்தியமாப் படிக்கலை. இப்பதான் பார்க்கிறேன்."

"சரிங்க"ன்னார் அவர். நம்பாதவங்க சொல்ற 'சரிங்க' எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். போனை வெச்சிட்டார்.

இவ அழலை. "மனுஷங்க அனுப்பினா அடிக்கும்னு சொன்னீங்களே?"ன்னு மட்டும் கேட்டா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மெஷின்தானே, ஏதோ கோளாறு"ன்னேன். அந்த நேரத்துலயும் என் தோலைக் காப்பாத்திக்கிட்டேன். த்தூ. அவ தலையை ஆட்டிட்டு எழுந்து போயிட்டா. அன்னிக்கே கிளம்பிப் போய், சகலை வீட்டு வாசல்ல நின்னோம். அவர் கதவைச் சாத்தலை, உள்ளே கூப்பிட்டு உட்கார வெச்சார். சுவத்துல சின்னவ போட்டோ. வர்ற பஸ்ல இவ ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தா.

மூணு நாள் எனக்குச் சோறு இறங்கலை. வேலையில ஒரு லிஃப்ட்டுக் கதவுல கையை நசுக்கிக்கிட்டேன். நாலாம் நாள் மத்தியானம் லீவு போட்டுட்டு வந்தேன். இவ ஜன்னல் பக்கத்துல டைப் அடிச்சுக்கிட்டிருந்தா. ஹெட்போனை அவ காதுலேர்ந்து நானே கழட்டினேன்.

"கோளாறு இல்லை. நான்தான் அணைச்சேன். நீ குளிக்கப் போனப்ப. உன்கிட்டப் பொய் சொன்னேன்."

அடிப்பா, கத்துவா, வீட்டை விட்டுப் போன்னு சொல்லுவா. எதுக்கும் தயாராத்தான் நின்னேன். ஒரு கதவைச் சாத்தினவளுக்கு இன்னொண்ணைச் சாத்தத் தெரியாதா? அவ லேப்டாப்பை மூடினா.

"நான் ஏன் ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்த்தேன்னு நினைச்சீங்க?"ன்னா.

"சின்னவ மேல உனக்குப் பாசம். எனக்குத் தெரியாதா?"

"பாசமா? எட்டு வருஷமா மனசுக்குள்ள ஒத்திகை பார்த்து வெச்சிருந்தேங்க. அவ மெசேஜ் வரணும், நான் படிக்கணும், படிச்சேன்னு அவளுக்குத் தெரியணும். தெரிஞ்சும் நான் பதில் போடாம இருக்கணும். அம்மா எப்படிக் காத்துட்டுக் கிடந்தாளோ அப்படி அவளும் கிடக்கணும்னுதான் எட்டி எட்டிப் பார்த்தேன்."

"அந்த ரெண்டாவது மெசேஜைப் பார்த்திருந்தா நீ ஓடியிருப்பே"ன்னேன்.

"ஓடியிருப்பேனா? தெரியலையே. நானும் மூணு நாளா அதைத்தான் என்னையே கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அதுக்கப்புறம் அழுதா, மூணு நாளுக்கும் சேர்த்து. நான் தோளைத் தொடப் போனேன். கையைத் தட்டி விடலை. தட்டி விட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

"நான் நினைச்சபடியே நடந்து போச்சுங்க"ன்னா. "ஒண்ணு கூடக் குறையலை."