அன்ஃபிட்டுக்குப் பிறகு

"கதவச் சாத்திக்கலாமா மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் முருகேசன் உட்கார்ந்தார். நார்த்தாமலைப் பக்கத்து ஆள். வளைகுடாவில் எலக்ட்ரீஷியன். லீவில் வந்தவர், வேறு கம்பெனிக்கு மாற மெடிக்கல் போயிருக்கிறார். அன்ஃபிட் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் மறுபடி டெஸ்ட் எடுத்தும் எச்.ஐ.வி. பாசிட்டிவ்தான்.

நான் அப்போது ஏ.ஆர்.டி. சென்டரில் கவுன்சிலர். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்து கொடுத்துத் தொடர்ந்து கவனிக்கிற இடம் அது. பெயர்களை இங்கே மாற்றியிருக்கிறேன்.

"எனக்கு ஒண்ணும் செய்யலையே மேடம். காய்ச்சல்கூட இல்ல."

"அப்படித்தான் இருக்கும். ரத்தத்துல சிடி4னு ஒரு வெள்ளணு இருக்கு. எந்தக் கிருமி உள்ள வந்தாலும் மத்த அணுக்கள ஏவி விடுறது அதுதான். இந்த வைரஸ் அதுக்குள்ளயே பூந்து, அத வச்சே தன்னப்போல நெறைய உண்டாக்கிக்கும். அந்த அணு செத்துரும். ஒடம்பும் புதுசா அணு செஞ்சு சமாளிக்கும். அதனால வருசக்கணக்கா வெளிய தெரியாது. சிடி4 ரொம்பக் கொறஞ்சப்புறம் டி.பி. மாதிரி நோயெல்லாம் உள்ள வரும். அந்த நெலமையத்தான் எய்ட்ஸ்ங்கிறோம்."

"மாத்திரை போட்டா செத்துருமா?"

"பெருக விடாது. ஆனா சில அணுக்குள்ள ஒளிஞ்சு கெடக்கும். நிறுத்துனா திரும்பக் கெளம்பிரும். அதனால தெனமும் போடணும். போட்டீங்கன்னா வேலைக்குப் போகலாம், எல்லாரையும் போல வயசாகுற வரைக்கும் இருக்கலாம்."

அதற்கெல்லாம் தலையாட்டியவர், கடைசியில், "எம் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்றார்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும். அவங்களும் டெஸ்ட் எடுக்கணும்ல?"

கலா

இரண்டு நாள் கழித்து மனைவி கலாவை அழைத்து வந்தார். என் எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டார். கலா அழவில்லை. "எனக்கும் இருக்கா மேடம்?" என்று மட்டும் கேட்டார். டெஸ்ட்டில் நெகட்டிவ். சமீபத்தில் தொற்றியிருந்தால் உடனே தெரியாது, சில மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று சொன்னேன்.

பிறகு கலா புருஷன் பக்கம் திரும்பினார். "போன எடத்துலயா?"

"ம்."

அவ்வளவுதான். கலா ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே திருமயம் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். முருகேசன் அன்று மாத்திரையைக் கையில் வாங்கியபோது, எப்படிப் போட வேண்டும் என்பதை நான் மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. காதில் ஏறவில்லை.

கொஞ்ச காலம் ஒழுங்காக வந்தார். பிறகு வரவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை.

கலா தன்னுடைய இரண்டாவது டெஸ்ட்டுக்கு வந்தார். அதிலும் நெகட்டிவ். சந்தோஷமாகக் கிளம்புவார் என்று பார்த்தால் நாற்காலியை விட்டு எழவில்லை.

"அவரு வாராரா மேடம்?"

"அத நான் சொல்லக்கூடாதும்மா. நீங்களே அவருகிட்ட கேளுங்க."

அந்த வேலையில் எனக்கு மிகக் கஷ்டமான பதில் அதுதான். வராமல் போனவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருவருடைய சிகிச்சை விஷயத்தை அவர் சொல்லாமல் இன்னொருவரிடம் சொல்லக்கூடாது, அது மனைவியாக இருந்தாலும். கலா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கலா முதலில் இறங்கி, முருகேசனைத் தோளில் தாங்கி இறக்கினார். ஆள் பாதியாகியிருந்தார். ஓயாத இருமல். சளியில் டி.பி. இருந்தது. சிடி4 மிகவும் இறங்கியிருந்தது.

"ஏன் நிறுத்துனீங்க?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்தேன் மேடம். அப்புறம்... யாருக்காகப் போடுறதுன்னு தோணிப்போச்சு."

கலா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

டி.பி. மருந்தை முதலில் ஆரம்பித்தோம். அது உடம்புக்குப் பழகியதும் எச்.ஐ.வி. மாத்திரையை மறுபடி தொடங்கினார் டாக்டர். வாந்தி, மயக்கம் என்று முதல் வாரங்கள் மோசம். கலா அம்மா வீட்டுக்குத் திரும்பவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையைத் தானே எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னார்.

டி.பி. மருந்து முடிந்து, முருகேசன் உடம்பு தேறி வயரிங் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு வைரல் லோடு பார்த்தோம். ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிவிட்டது. இப்படியே மாத்திரையை விடாமல் போட்டு அடக்கி வைத்திருந்தால் தாம்பத்தியத்தில் மனைவிக்குத் தொற்றாது என்று விளக்கினேன். முருகேசன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மாத்திரை வாங்க வெளியே போனார்.

"ஒங்களாலதாம்மா பிழைச்சாரு" என்றேன்.

கலா உடனே மறுத்தார். "நான் இன்னும் மன்னிக்கல மேடம். கோவம் அப்படியேதான் இருக்கு. ஆனா கோவப்படுறதுக்காவது மனுசன் இருக்கணும்ல?"

பயிற்சியில் சொல்லித்தந்த எதிலும் அது இருந்ததில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரிடமும், சிடி4 பற்றிப் பேசுவதற்கு முன்னால், "இத நீங்க வீட்டுல யாருகிட்ட சொல்ல முடியும்?" என்றுதான் கேட்டேன். ஒருவருமில்லை என்றால், டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகும் அவரை உடனே அனுப்ப மாட்டேன். அந்த ஒரு ஆளை நாங்கள் இருவரும் உட்கார்ந்து தேடுவோம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்.