அவர் கயிற்றை விடவில்லை

கள்ளக்குறிச்சியில் கடல் கிடையாது. சென்னையில் ஒரு பாய்மரப் படகு கிளப்பில் சேர்ந்த முதல் வாரமே இதை எனக்கு நாலு பேர் சொல்லிவிட்டார்கள், எனக்குத் தெரியாத செய்தி போல. எங்கள் வீடு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம். அப்பாவுக்குக் கரும்பு விவசாயம். வங்கி வேலைக்காகச் சென்னை போனவள் நான். கூட வேலை செய்த பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்கக் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். அடுத்த வாரம் அவள் வரவில்லை. நான் வருடக்கணக்காகப் போனேன்.

அங்கே இருந்தவை கேட்டமரான் என்கிற பந்தயப் படகுகள். ஒல்லியான இரண்டு ஓடங்கள், அவற்றுக்கு நடுவே இறுக்கிக் கட்டிய வலை, மேலே வானத்தை மறைக்கிற பாய். ஓட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சுக்கான் பிடிப்பார். மற்றவர் இடுப்புக் கச்சையை பாய்மரத்தின் மேலிருந்து வரும் கம்பியில் மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பில் காலை ஊன்றி, உடம்பு முழுவதையும் கடலுக்கு மேலே நீட்டித் தொங்குவார். காற்று ஏறினால் ஒரு ஓடம் தண்ணீரைவிட்டு எழும். அப்புறம் படகு ஓடுவதில்லை, பறக்கும். கம்பியில் தொங்குகிறவள் நான். சுக்கான் பிடித்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பெரிய தொழில் குடும்பம், உண்மையிலேயே நல்ல ஓட்டக்காரர். அதனால்தான் இந்தக் கோபம் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ஓட்டத் தெரியாதவர் செய்திருந்தால் மறந்திருப்பேன்.

காற்றை எதிர்த்து ஏறிப்போய் மேல் மிதவையைச் சுற்றித் திரும்புகிற இடம்தான் இந்தப் பந்தயத்தில் ஆபத்தானது. திரும்பும்போது பாயை இழுத்துப் பிடித்திருக்கும் கயிற்றை இளக்க வேண்டும். அதை ஷீட் என்போம். இளக்காவிட்டால் மொத்தக் காற்றும் பாயில் அறைந்து, படகின் மூக்கைத் தண்ணீருக்குள் அமுக்கிவிடும்.

அந்த வருடக் கடைசிப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தோம். மிதவை நெருங்கியது. கடல் கறுத்து, பெரிய காற்று ஒன்று வருவது எனக்குத் தெரிந்தது. நான் பின்னால் நகர்ந்து, "ஷீட் விடுங்க!" என்று கத்தினேன். மறுபடியும் கத்தினேன். அவர் விடாமலே திருப்பினார். மூக்கு உள்ளே போனது. படகு சட்டென்று நின்றது, நான் நிற்கவில்லை. கம்பியோடு முன்பக்கம் சுழன்றுபோய் மோதினேன். காறை எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. பிறகு தண்ணீருக்குள், பாய்க்கு அடியில், ஒற்றைக் கையால் கொக்கியைத் தேடிக் கழற்றினேன்.

மறுநாள் கிளப் கமிட்டி விசாரணை வைத்தது. கையைக் கழுத்துத் தூளியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கால் வழுக்கிவிட்டதாகவும், நான் முன்னால் விழுந்த பாரத்தில்தான் மூக்கு அமுங்கியதாகவும் அவர் சொன்னார். என் பக்கம் பார்க்காமல், "பாவம், கடல் பழக்கம் இல்லாத பொண்ணு," என்று முடித்தார். கயிற்றை விடச்சொல்லி நான் கத்தியதைச் சொன்னேன். அப்படி எதுவும் தன் காதில் விழவில்லை என்றார் அவர். அந்தக் காற்றில் கேட்டிருக்காது என்று மற்றவர்கள் தலையாட்டினார்கள். அன்று சாயங்காலம் பரிசளிப்பு. கட்டுமரம் என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்ததே தமிழன்தான் என்று விருந்தாளி பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு ஒரு கைதான் இருந்தது. இரண்டு இருந்திருந்தாலும் தட்டியிருக்க மாட்டேன்.

மாற்றல் கேட்டுக் கள்ளக்குறிச்சிக் கிளைக்கே வந்தேன். "கடலுல தொங்கிக்கினு நிக்கிறது ஒரு பொழப்பா? இனிமே அந்தப் பக்கம் போவாத," என்றாள் அம்மா. அந்த நாட்களில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஒருவேளை அவருக்கு உண்மையிலேயே கேட்காமல் இருந்திருக்குமோ என்ற சந்தேகம் வேறு தின்றது. கோபப்படக்கூட முழு உரிமை இல்லாதவள் போல இருந்தேன்.

தோளுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் கல்வராயன் மலைப் பெண். வீட்டில் தினையும் சாமையும் விதைக்கிறவர்கள். கையை எந்தக் கோணத்தில் தூக்கித் தொங்கினேன் என்று தொழிலுக்காகக் கேட்க ஆரம்பித்தவள், முழுக் கதையையும் வாங்கிவிட்டாள். கடைசியில், "அந்தக் கம்பியில நான் தொங்குறேங்க்கா. நீங்க ஓட்டுங்க," என்றாள்.

புதுச்சேரியில் படகு பழுதுபார்க்கிற ஒருவர், தன் கொட்டகையில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த பழைய கேட்டமரானைக் கொடுத்தார். அப்பாவின் கரும்பு டிராக்டரில் அதை மலையடிவார அணைக்கு ஏற்றிப்போனோம். அங்கே மீன் பிடிக்கிறவர்கள் துணைக்குப் பரிசலில் கூட வந்தார்கள். மலையிலிருந்து இறங்கும் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. கவிழ்ந்தோம், நிமிர்த்தினோம், மறுபடி கவிழ்ந்தோம். அவளுக்குப் பயம் இருந்தது, ஆனாலும் கம்பியை விட்டு இறங்கவில்லை. அடுத்த பந்தயப் பருவத்துக்குப் பெயர் கொடுத்தோம்.

சென்னைக் கடலில் அன்றைக்கும் நல்ல காற்று. எங்கள் படகு பழசு, பின்வரிசையில்தான் இருந்தோம். மேல் மிதவைக்கு முன்னால் அவள், "விடுங்க்கா!" என்று கத்தினாள். அவள் கத்துவதற்கு முன்பே என் கை கயிற்றை இளக்கியிருந்தது. படகு சுகமாகத் திரும்பியது. அத்தனை காற்றிலும் அவள் குரல் என் காதுக்குள் பேசியது போலக் கேட்டது. கம்பியில் தொங்குகிறவள் காற்று வரும் பக்கம் இருக்கிறாள். காற்றே அவள் குரலைச் சுக்கானுக்குக் கொண்டுவருகிறது. நான் ஒருநாளும் சுக்கான் பக்கம் உட்கார்ந்ததில்லை, அதனால் தெரியவில்லை. அவருக்குத் தெரியும்.

பந்தயத்தில் அவர்தான் ஜெயித்தார். நாங்கள் கடைசிக்கு முந்தி. படகைக் கரையில் ஏற்றியதும் நேராக அவரிடம் போனேன். அவரோடு இப்போது கம்பியில் தொங்குகிற சின்னப் பெண் பக்கத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் கத்துனது உங்களுக்குக் கேட்டுது," என்றேன்.

"பழைய கதை எதுக்கும்மா? தோள் இப்ப பரவாயில்லதானே?"

"கேட்டுதா, இல்லையா?"

சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கேட்டுச்சு. சமாளிச்சுடலாம்னு நெனச்சேன்," என்றார்.

அதைக் கமிட்டியிடம் வந்து சொல்லுங்கள் என்றேன். முடிந்துபோனதைக் கிளறுவதில் யாருக்கு லாபம் என்று சிரித்தபடி நகர்ந்துவிட்டார். நானே போய்ச் சொன்னேன். விசாரணை முடிந்துவிட்டது, மறுபடி திறக்க வழியில்லை என்றார்கள், மிகவும் மரியாதையாக. பாய் சுருட்டிக்கொண்டிருந்த பெண் அவர் ஒப்புக்கொண்டதைக் கேட்டிருந்தாள். அவள் காதில் விழுந்ததே, அதுவாவது நடந்ததே என்று கிளப்பில் சிலர் என்னைத் தேற்றினார்கள். எனக்கு அது போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை.

படகை வேனில் கட்டிக்கொண்டு திரும்பினோம். திருநாவலூர் தாண்டியதும் டீ குடிக்க நிறுத்தினோம். நான் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தேன். என்னோடு கம்பியில் தொங்கியவள் டீயை முடித்துவிட்டு, அடுத்த பந்தயத்தில் சுக்கான் தனக்கு வேண்டும் என்றாள். அவள் மீதும் கோபம் வந்தது. முடியாது என்றேன். வேன் ரிஷிவந்தியம் போய்ச் சேரும்வரை அவள் அதையே கேட்டுக்கொண்டு வந்தாள்.