உப்புப் பூத்த சுவர்

மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்த அன்று காலை, நான் ஈரத்துணியும் கையுமாக முன் விறாந்தைச் சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இளம்பச்சைப் பெயின்ற் அடித்த புதுச் சுவர். அதன் இடுப்பளவு உயரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. துடைத்தால் போகும், காய்ந்தால் திரும்பி வரும். துடைக்கத் துடைக்க இன்னும் கொஞ்சம் அகலமாக வருவதுபோலவும் இருந்தது.

"துணியால தேய்ச்சா கடல் போயிருமா?" என்றாள் மனைவி. பிறகு தானே ஒரு கலண்டரைக் கொண்டுவந்து மாட்டினாள். போதவில்லை. பக்கத்தில் இன்னொன்று. போன வருடத்துக் கலண்டர் அது. அதையும் மாட்டினோம்.

கடல் மணலால் பூசிய சுவர் மாரி மழை தொடங்கியதும் உப்பைக் கக்கும். எங்கள் கரையில் இது தெரியாத ஆள் கிடையாது. நான் நடுங்கியதும் அதனால்தான். கடற்கரை மணலை அள்ளாதீர்கள் என்று ஊர் முழுக்கக் கத்தித் திரிந்தவன் நான்.

என் தொழில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது. கல்யாணம், கூட்டம், மரண அறிவித்தல், எல்லாவற்றுக்கும் என் மைக்தான். சுனாமிக்குப் பிறகு நாலைந்து பேர் சேர்ந்து சுற்றாடல் கழகம் தொடங்கியபோது என்னைப் பேச்சாளராக்கினார்கள். அறிவு பார்த்து அல்ல, மைக் என்னிடம் இருந்ததால். ஆனால் நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. கடல் வந்த காலையில், கரைப்பக்கம் ஒரு கல்யாண வீட்டில், பற்றரியில் ஓடும் மைக்கைக் கையில் பிடித்துச் சோதித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது, பார்த்தேன், ஓடினேன். மெயின் றோட்டைத் தாண்டி நின்றபோதுதான் கையில் மைக் இருப்பதும், பிய்ந்த வயர் வால்போலப் பின்னால் கிடப்பதும் தெரிந்தது. ஊரிலேயே உரக்கக் கத்த வசதியுள்ள ஒரே ஆள் அன்று 'ஓடுங்கள்' என்ற ஒரு சொல்லைக்கூடச் சொல்லவில்லை. அந்த வயர் வாலை நான் நடித்துக் காட்டாத தேநீர்க்கடை இல்லை. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

எங்கள் தெருமுனையில் தாழையும் அடம்பன் கொடியும் மூடிய ஒரு மணல்மேடு உண்டு. கடல் வந்த அன்று அந்த மேட்டுக்குப் பின்னாலிருந்த வீடுகள் தப்பின. ஊர் திரும்பக் கட்டத் தொடங்கியதும் மாட்டுவண்டிகள் நேரே அந்த மேட்டுக்குத்தான் போயின. நான் ஆட்டோவில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு வண்டிகளின் பின்னால் போனேன்.

முதலில் அகப்பட்டது மச்சான். மனைவியின் மூத்த அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா. கரைவலைத் தொழில். வீடு போய்த் தகரக் கொட்டிலில் இருந்தார். ஒரு அறையாவது எழுப்ப வேண்டும் என்று மணல் ஏற்றிக்கொண்டு வந்தவரை நடுத்தெருவில் மறித்து, மைக்கிலேயே கேட்டேன்: "இந்த மேட்டைத் தின்றுவிட்டு நாளைக்குக் கடல் வந்தால் யாரைக் காவலுக்குக் கூப்பிடப் போகிறீர்கள்?" தெருவே கேட்டது. அவர் வண்டியைத் திருப்பி, மண்ணை மேட்டிலேயே கொட்டினார். ஆற்று மணல் வரும்வரை அந்த மாரி முழுக்கக் கொட்டிலிலேயே கிடந்தார். அன்று நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிறகு என் முறை வந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அந்த வீட்டைப் பெண்ணின் வாப்பா கட்டிக்கொடுக்க வேண்டும். வீடு முடியாவிட்டால் நிக்காஹ் இல்லை. மாப்பிள்ளை கட்டாரிலிருந்து லீவில் வருவதற்குள் பூச்சு வேலை முடிய வேண்டும். போர் கடைசிக் கட்டத்தில் இருந்த மாதங்கள். ஆற்று மணல் லொறிகள் சோதனைச் சாவடிகளில் கிடையாய்க் கிடந்தன. மகள் ஒன்றும் கேட்கவில்லை. பூசாத செங்கல் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போவாள். அவள் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

ஒருநாள் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்தேன். வாசலில் ஒரு டிரக்டர் மணல் கொட்டிக்கொண்டிருந்தது. நான் சொல்லி வைத்த டிரக்டர்தான். எங்கிருந்து என்று மட்டும் நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு, கேட்டிருந்தால்கூடப் பட்டிருக்கமாட்டேன். மணலுக்குள் சிப்பித் துண்டுகள் மினுங்கின. குந்தியிருந்து, கைக்கு அகப்பட்டதையெல்லாம் பொறுக்கிச் சாரன் மடியில் கட்டினேன். சிப்பியை எடுத்துவிட்டால் அது ஆற்று மணலாகிவிடும் என்று நினைத்த மூளை இது.

அந்தச் சுவருக்கு முன்னால்தான் மாப்பிள்ளையின் உம்மா வந்து உட்கார்ந்தார். தாய்மாமன் என்ற முறையில் மச்சானும் வந்திருந்தார். கறுப்புச் சேர்ட். வந்தவர் நேராகப் போய் அந்தச் சுவரிலேயே சாய்ந்தார். என் நெஞ்சு சிறிய ஸ்பீக்கரில் பெரிய பாட்டுப் போட்டதுபோல அடித்தது.

"இங்கால வந்து இரிங்க மச்சான்."

"இது நல்லாத்தானே இரிக்கி."

அவர் தேநீருக்குக் குனிந்தபோது முதுகு முழுக்க வெள்ளை. மாப்பிள்ளையின் உம்மா அதைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், இரண்டு கலண்டர்களையும் பார்த்தார்.

"என்ன இது, புதுச் சுவர் இப்பவே பொரியுது?"

என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "அது... புது மாதிரிப் பூச்சு. கொழும்புல இப்ப இதுதான் போடுறாங்க."

கொழும்பில் இதைத்தான் போடுகிறார்களாம்! மகள் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். மச்சான் ஒரு விரலால் சுவரைத் தொட்டு, நாக்கில் வைத்தார். நான் சாகும் நேரத்தில் சொல்லும் கலிமாவை நினைத்துக்கொண்டேன்.

"ஓம், ஓம்," என்றார் மச்சான் மாப்பிள்ளையின் உம்மாவிடம். "புது மாதிரிதான். ஒரு மாரி போனாச் சரியாயிரும். நான் பொறுப்பு, ராத்தா. பயப்படாதீங்க."

அந்த உம்மா தலையாட்டிவிட்டுத் தேநீரை எடுத்தார். மகளின் முகத்தில் இரத்தம் திரும்பி வந்தது. எனக்கு மட்டும், அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் தேவலை என்று இருந்தது.

மற்ற எல்லாரும் போன பிறகு வாசல் படலையடியில் சொன்னேன்: "மச்சான், நான் கழகத்தை விட்டுர்றன். இனி எந்த முகத்தோட கதைக்கிற?"

அவர் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்: "விட்டா? நாளைக்கே அவ்வளவு வண்டியும் மேட்டில நிக்கும். அப்ப நான் கொட்டில்ல நனைஞ்சது எதுக்குடா? நீ சொன்னது சரி. நீதான் சரியில்ல. அதுக்காக நீ சொன்ன சரியையும் உன்னோட கூட்டிக்கிட்டுப் போகாத."

அவர் போகும்போதும் முதுகு வெள்ளையாகவே இருந்தது. தட்டிவிடக் கைவரவில்லை.

நிக்காஹ் முடியும்வரை பொறுத்தேன். மகளுக்காக என்று சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதி பயம், மைக் கையில் இருக்கும்போது வாயடைத்துப்போகும் அந்தப் பழைய வியாதி.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டோவில் ஏறினேன். மேட்டடியில் மணல் ஏற்றிய ஒரு வண்டி நின்றது. பத்திருபது பேர் தேநீர்க்கடையில் இருந்தார்கள், மச்சானும். மைக்கைத் தட்டினேன். "மணல் எடுக்காதீர்கள்" என்று வழக்கம்போலத் தொடங்கி, அதோடு சேர்த்துச் சொன்னேன்: "என் வீட்டுச் சுவரில் இருப்பதும் கடல் மணல்தான். பார்க்க விரும்புகிறவர்கள் வந்து பார்க்கலாம்."

கடையில் இருந்தவர்கள் தேநீர்க் கோப்பைகளைக் கீழே வைத்தார்கள். என் மனம் அதற்குள் ஊர் திருந்திவிட்டதாகவே கணக்குப் போட்டது.

"காக்கா," என்று ஒருவன் எழும்பிக் கேட்டான், "அந்த டிரக்டர்காரன்ட நம்பர் இரிக்கா?"

கடை அதிரச் சிரித்தது. வண்டிக்காரனும் சிரித்தான். மச்சான் சிரிக்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வயர் வாலை ஆட்டிக் காட்டிச் சிரிப்போடு சிரிப்பாகக் கலந்துவிட எனக்குக் கை துறுதுறுத்தது. அது எனக்குத் தெரிந்த வேலை.

மைக்கை நிற்பாட்டிவிட்டு இறங்கினேன். மேட்டடிக்கு நடந்து போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். மாடு என் சேர்ட்டை மோந்து பார்த்தது. மைக் இல்லாமல் என் குரல் இவ்வளவு சின்னது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"மண்ணக் கொட்டிட்டுப் போங்க," என்றேன். "நான் சரியில்லாத ஆள்தான். நீங்க கொட்டிட்டுப் போங்க."