லூர்தம்மாள் கேட்ட ஒரு வார்த்தை

லூர்தம்மாள் போய்விட்டார் என்ற செய்தி பாகூர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நான் மருந்துப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன். வில்லியனூர் மாதா கோயிலில் மணியடிக்கும் சவரிமுத்து சைக்கிளில் வந்து சொன்னார். வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள். எனக்கு அழுகையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. கையிலிருந்த பொட்டலம் யாருக்கு என்பது மறந்துபோய், அதையே மூன்று முறை பிரித்து மடித்தேன். பத்தொன்பது நாளாக அந்த அம்மாவோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தவன் நான். சண்டை பாதியில் இருக்கும்போது எதிராளி எழுந்து போய்விட்டால் மிச்சமிருப்பவன் என்ன செய்வது?

அவரைத் தெரிந்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிறிஸ்து வேதக்காரக் கைம்பெண். கோயில் பாதிரிச் சாமியார் கொடுத்த மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வில்லியனூரிலிருந்து பாகூர் வரை ஊர் ஊராக நடந்தவர். நான் சர்க்கார் கம்பவுண்டர், கரிக்கலாம்பாக்கத்து விவசாயக் குடும்பம், எங்கள் சாமி வேறு. ஆனாலும் இருபது வருஷம் ஒரே நோயாளிகளைத்தான் இரண்டு பேரும் பார்த்தோம்.

எங்கள் பிரெஞ்சுக்காரன் ஊர்களுக்கு நடுவில் இங்கிலீஷ்காரன் எல்லை குறுக்கிடும். சுங்கச் சாவடிக்காரர்கள் ஒவ்வொரு தடவையும் அவர் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். ஒருநாள் கஞ்சிக்கு வைத்திருந்த உப்பையும் மண்ணில் கவிழ்த்துவிட்டார்கள். வெயிலில் குந்தி அதைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "இன்னாத்துக்கும்மா இந்தப் பாடு?" என்றேன். "என்னக் கூப்புட்ட ஆண்டவரு ரோடு நல்லாருக்கும்னு சொல்லலியே, கம்பவுண்டரே" என்றார். சொல்லிவிட்டு, பொறுக்குகிற வேலையில் என்னையும் சேர்த்துக்கொண்டார்.

கிருமாம்பாக்கத்தில் வாந்திபேதி கண்ட வருஷம், ஒரு வீட்டில் அவரை உள்ளே விடவில்லை. "உன் மருந்தக் குடிச்சா உன் வேதத்துல சேந்துடணுமா?" என்று உள்ளிருந்தே ஒருத்தி கத்தினாள். "நீ கஞ்சியக் குடி மொதல்ல. சண்ட போடத் தெம்பு வேணும் இல்ல?" என்றார் இவர். மத்தியானம் வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தது. அந்த வீட்டில் மூன்று பேர் பிழைத்தார்கள். கதவைச் சாத்தியவளும் அவர்களில் ஒருத்தி.

அதே வருஷம்தான் என் வீட்டுக்கும் நோய் வந்தது. என் மகள் வள்ளிக்கு அப்போது ஒன்றரை வயது. ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் மருந்து புகட்டிய எனக்கு, சொந்தக் குழந்தைக்குப் புகட்டத் துணிவில்லை; ஆள் அனுப்பி அவரை வரவழைத்தேன். லூர்தம்மாள் அவளை மடியில் போட்டுக்கொண்டு பாலாடையால் உப்புக்கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக விட்டார். மத்தியானம் குழந்தையின் கண் செருகியது. பார்க்கத் தைரியமில்லாமல் நானும் என் மனைவியும் வெளியே வந்துவிட்டோம். திரும்பிப் போனபோது குழந்தையின் நெற்றி ஈரமாக இருந்தது. சில்லிட்டுக் கிடக்கும் குழந்தைக்கு நெற்றியில் எதற்கு ஈரம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சாயங்காலம் வள்ளி மூத்திரம் பெய்தாள். இந்த நோயைத் தெரிந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்: குழந்தை பிழைத்துவிட்டது. நான் லூர்தம்மாளின் காலில் விழப் போனேன். அவர் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார். முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

அதற்குப் பிறகு அவர் கோயிலுக்குப் போவார், பூசை காண்பார், நன்மை மட்டும் வாங்க மாட்டார் என்று வேதக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அப்பத்தை நாவில் வாங்குவதைத்தான் அவர்கள் நன்மை என்பார்கள். பெரிய பாவம் இருந்தால் அதற்குப் போக மாட்டார்களாம். என்னென்னவோ கதை கட்டினார்கள். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கும் வேலை அவர் கையை விட்டுப் போயிற்று. மருந்துப் பை மட்டும் மிஞ்சியது. அதையும் பிடுங்கியிருந்தால் வெறுங்கையோடு நடந்திருப்பார், அது வேறு விஷயம்.

இறப்பதற்குப் பத்தொன்பது நாளுக்கு முன்னால் எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். பாயில் கிடந்தார், கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"அன்னிக்கி உங்க பொண்ணு போயிடும்னு நெனச்சேன். தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்துட்டேன். சாவப்போற கொழந்தைக்கு நாங்க அப்பிடிச் செய்யறது உண்டு. அது பொழச்சிக்கிச்சி. எங்க சட்டப்படி அது எங்க புள்ள. பெத்தவங்ககிட்ட சொல்லிடுன்னு சாமியார் சொன்னாரு. நான் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க கதவச் சாத்துவீங்க. கம்பவுண்டர் வூடே சாத்துனா அப்புறம் எந்த வூடு தெறக்கும்? எந்தக் கொழந்த வாயில நான் கஞ்சி ஊத்துறது? மறச்ச பாவத்தோட நன்ம வாங்கக் கூடாது, அதான் வேணாம்னு இருந்துட்டேன். இப்பச் சொல்லிட்டேன். நீங்க ஒரு வார்த்த சொன்னா, நன்ம வாங்கிக்கினு போயிடுவேன்."

நான் எழுந்து வந்துவிட்டேன். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

என் குழந்தையை என்னைக் கேட்காமல் எப்படித் தொடலாம் என்று ஒருநாள் கொதித்தேன். அவர் தொடாமல் இருந்திருந்தால் குழந்தையே ஏது என்று மறுநாள் தோன்றியது. அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் கதவைச் சாத்தியிருப்பேன், அது சத்தியம். சாத்தியிருந்தால் அதற்கப்புறம் அவர் கையால் பிழைத்த குழந்தைகள்? சரி, பிழைக்காமல் போன குழந்தைகளின் நெற்றியிலும் தண்ணீர் விட்டிருப்பாரே, அந்தப் பெற்றோரை யார் கேட்டது? அது அன்பா, திருட்டா? எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. நாளைக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றே பத்தொன்பது நாள் போயிற்று.

அன்று சேதி கொண்டுவந்த சவரிமுத்துவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "நன்மை வாங்கினாங்களா?"

"எங்க வாங்குனாங்க? சாமியார் ரெண்டு தபா எடுத்துக்கினு வந்தாரு. கம்பவுண்டர் வரட்டும்னுட்டாங்க. நெனவு தப்புனதுக்கு அப்புறம் சாவறவங்களுக்குப் பூசுற எண்ணெயப் பூசுனாரு, அவ்ளோதான்."

அடக்கத்தில் தூரமாக நின்றேன். குழியில் மண் போடச் சொன்னார்கள், போட்டேன். "மன்னிச்சிட்டேம்மா" என்று வாய்க்குள் சொன்னேன். மன்னிக்க நான் யார் என்றும் தோன்றியது. எதுவானாலும் அது அவருக்குக் கேட்கப்போவதில்லை.

அங்கிருந்து நேரே நெட்டப்பாக்கம் போனேன். வள்ளி இப்போது அங்கே வாழ்க்கைப்பட்டு, கைக்குழந்தையோடு இருக்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள், இல்லை அழுவாள் என்று எதிர்பார்த்தேன். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அவங்கள்ல ஞானஸ்நானம் குடுத்தா ஒரு பேரு வைப்பாங்களேப்பா. எனக்கு இன்னா பேரு வச்சாங்க?"

எனக்குத் தெரியவில்லை. கேட்காமல் எழுந்து வந்தவன் நான். சாமியாருக்கும் தெரியாதாம், எந்த ஏட்டிலும் இல்லையாம்.

லூர்தம்மாளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பவை என் மகளின் உயிரும், சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையும்தான். வள்ளியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்களே, என்றைக்காவது, பேச்சுவாக்கிலாவது அவர் அந்தப் பெயரை உங்களில் யாரிடமாவது சொல்லியிருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லி அனுப்புங்கள். என் மகள் கேட்கிறாள்.