மட்டக்களப்பு ஸ்டேஷனின் ஒலிபெருக்கி

சுனாமி வந்து ஆறாம் நாள். மட்டக்களப்பு ஸ்டேஷனில் கொழும்பு ரயில் வந்து நிற்கிறது. கூட்டம் நெருக்கியடித்து இறங்குகிறது. எனக்குப் பக்கத்தில், இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண் அறிவிப்பாளரின் ஜன்னலைத் தட்டுகிறார்.

"ஐயா, என்ர மனிசன் நடராசா இந்த ரயில்லதான் வாறார். நேரா பனிச்சங்கேணிக்குப் போனா வெறுந்தரையத்தான் பாப்பார். நாங்க செத்துப்போயிட்டம் எண்டு நினைச்சிருவார்."

"இதில ரயில் விபரம் மட்டுந்தான் சொல்லலாம், மகள்."

சொல்லிக்கொண்டே அந்த மனிதர் மைக்கை இழுத்துவிடுகிறார்.

"பனிச்சங்கேணி நடராசா! ஊருக்குப் போகாதீங்க. உங்கட மனிசியும் பிள்ளையளும் உயிரோட என்ர ஜன்னலடியில நிக்காங்க. ஓடி வாங்க!"

ஒருவர் சூட்கேஸைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார். நாலு பேரும் கட்டிக்கொண்டு அழுவதை நான் வெட்கமில்லாமல் பார்த்து நிற்கிறேன். அதற்குள் ஜன்னலடியில் வரிசை நீண்டுவிட்டது. அறிவிப்பாளர் பேனையை எடுக்கிறார்.

"அவசரப்படாம, ஒவ்வொருத்தராப் பேரச் சொல்லுங்க."