இரண்டு இழுப்பு

சங்கு எடுக்கக் கடலுக்குள் மூழ்குகிறவரின் இடுப்புக் கயிற்றைப் படகிலிருந்து மச்சினன்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கூடப்பிறந்தவளின் தாலி கையில் இருக்கும்போது எவனும் அசந்துபோக மாட்டான் என்ற நம்பிக்கை. நான் அசந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு, திரேஸ்புரத்திலிருந்து போன படகில், தூக்கச் சொல்லி அத்தான் இரண்டு தரம் இழுத்தார். கயிறு என் இடது மணிக்கட்டில் சுற்றியிருந்தது. போனில் ஏதோ வேடிக்கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நான் அதை நீரோட்டம் என்று விட்டுவிட்டேன். பிறகு தூக்கியபோது உயிர் இல்லை. அவர் இழுக்கவே இல்லை என்று கரையில் எல்லோரிடமும் சொன்னேன். அக்கா ஒரே ஒரு தடவை கேட்டாள். அவளிடமும் அதையே சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் கடலுக்குப் போகவில்லை. அக்கா வீட்டிலேயே தங்கி, கணவாய் மீன் ஏற்றுமதி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். வாங்குகிறவர்கள் ஸ்பெயின்காரர்கள் என்பதால் ஸ்பானிஷ் படிக்கச் சொன்னார்கள். தாய்மொழியிலேயே வாய் திறக்காதவனுக்கு இது வேறா என்று எரிச்சலாக இருந்தது.

கணவாய், ஐஸ், கன்டெய்னர் வரை பாடம் சுலபமாகப் போனது. பிறகு உணர்ச்சிகள் வந்தன. ஏங்குகிறேன், வெட்கப்படுகிறேன் என்று போனில் டீச்சர் சொல்லச் சொல்ல நானும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் இப்படிப் பேசிக்கொள்வதில்லை. அன்போ கோபமோ ஆறுதலோ, எல்லாவற்றுக்கும் சேர்த்து, 'பசிக்குதாலே' என்று கேட்பாள் அக்கா.

'தெங்கோ மியேதோ', எனக்குப் பயமாக இருக்கிறது, என்று முதல்முறை சொன்னபோது இடது மணிக்கட்டு வெடுக்கென்று கீழே இழுபட்டது. உடனே இன்னொரு தரம். நரம்புப் பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்தேன். ஐஸ் என்று சொன்னால் ஒன்றும் இல்லை. பயம், துக்கம் என்றால் இரண்டு தரம். ஒருநாள் பார்த்தால் கயிறு அழுந்திய தடம் சிவந்து கிடந்தது.  ஆனாலும் வகுப்பை நிறுத்த மனம் வரவில்லை. அந்த மொழியில்தான் எனக்கு வாய் திறந்தது.

போன மாதம் ஒரு மத்தியானம், மனதை உறுத்தும் ஒன்றைச் சொந்தமாகச் சொல்லுங்கள் என்றார் டீச்சர். அக்கா எதிரே தரையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு சொல்லும் புரியாது என்ற தைரியத்தில் கயிறு, போன், சிரிப்பு, பொய் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது என்று முடித்தேன். கை இழுபட்டு மேசையில் இடித்தது. மறுபடியும் இடித்தது. டீச்சர் பாராட்டிவிட்டு ஒரு பிழையைத் திருத்தினார்.

அக்கா மீனை அப்படியே வைத்துவிட்டிருந்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு ரெண்டு தரம் இழுத்தாராலே?"

"ஆமாக்கா" என்றேன்.

அவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். என் கை அதற்குப் பிறகு இழுபடவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குத் தட்டு மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. பசிக்குதா என்று இன்றுவரை அவள் கேட்கவில்லை.